கொழும்பில் வீடு குளிர எந்தக் கல் நல்லது?

வெள்ளவத்தையில் 8 பேர்ச் காணி, இரண்டு மாடி வீடு. சீமெந்துக் கல்லுக்குப் பதில் அழுத்திய மண் கல்லோ ஏஏசி கல்லோ (உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த பாரமில்லாத கொங்கிரீட் கல்) வைத்தால் வீடு குளிருமா என்று கேட்டிருக்கிறீர்கள். குளிரும்தான். ஆனால் எந்தச் சுவர், அந்த அறையில் எந்த நேரம் இருப்பீர்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

மண் கல் என்றதும் எங்கள் ஆட்கள் ஊரில் இருந்த அம்மம்மாவின் மண் வீட்டைத்தான் சொல்வார்கள். அந்தக் குளிர்ச்சியில் பெரும்பங்கு கிடுகுக் கூரையும் தாழ்ந்த தாவாரமும் தந்தது. சுவரில் வெயில் பட்டால்தானே சூடு ஏற! அதே சுவரை வெயிலில் நிறுத்தி, மேலே அஸ்பெஸ்டஸ் சீற் போட்டால் மண் என்ன செய்யும்?

வெப்பத்தைக் கடத்துவதில் மண் கல்லும் செங்கல்லும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மண் கல்லின் லாபம் வேறு இடத்தில்: சூளை இல்லை, விறகு இல்லை, சீமெந்தும் பெரும்பாலும் 10 வீதத்துக்குள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். எஸ்எல்எஸ் 1382 என்று இலங்கைத் தரநிலையும் உண்டு. வாங்கும்போது அதைக் கேளுங்கள்.

கனமான சுவரில் ஒரு சிக்கல். 9 அங்குலச் செங்கல் சுவரில் பிற்பகல் 3 மணிக்கு ஏறிய சூடு உள்ளே வர 6, 7 மணித்தியாலம் ஆகும், அதாவது நீங்கள் படுக்கப் போகும் நேரம். பாலைவனத்தில் இரவுக் குளிர் அதைச் சமாளிக்கும். கொழும்பில் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் 5 முதல் 9 பாகைதான், சுவர் ஆற வழியில்லை. பகலில் மட்டும் புழங்கும் வரவேற்பறைக்கு அது பரவாயில்லை. மேற்கே வெயில் விழும் படுக்கையறைக்கு வேண்டாம்.

அங்கேதான் ஏஏசி உதவும். செங்கல் கடத்தும் வெப்பத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் அது கடத்தும். ஏசி போடும் அறை என்றால் கரண்ட் பில்லிலும் தெரியும். ஆனால் தண்ணீரை உறிஞ்சும் கல். மழை அடிக்கும் பக்கம் பூச்சு சரியில்லாவிட்டால் சுவர் ஊறிவிடும். ஏஏசியில் முன்பே வேலை செய்த மேசனைப் பிடியுங்கள்.

இன்னொன்று, வெள்ளவத்தையில் பிற்பகல் வெயிலும் கடற்காற்றும் ஒரே பக்கத்தால் வரும். புழுக்கத்துக்குக் காற்றுதான் மருந்து, எனவே மேற்கை அடைத்துக் கட்டாதீர்கள். ஜன்னலுக்கு மேல் சன்ஷேட் மட்டும் போதாது. வெயில் சரிந்து வரும், பக்கவாட்டிலும் மறைப்பு வேண்டும். சுவருக்கு வெள்ளை நிறம் அடியுங்கள்.

மேற்கே பக்கத்து வீடும் இரண்டு மாடியா? அப்படியென்றால் மேற்கு வெயிலை அந்த வீடே மறைக்கும்; அந்தச் சுவருக்கு ஏஏசி வாங்கும் காசைக் கூரைக்குக் கீழே இன்சுலேஷனுக்குப் போடுங்கள்.