ஏழு மாதக் குழந்தைக்கு இளைப்பு: சிரப் வேண்டாம், மூச்சை எண்ணுங்கள்

கேள்வி: என் ஏழு மாத மகனுக்கு மூன்று நாளாகச் சளி, இருமல். நேற்றிரவிலிருந்து மூச்சு இளைக்கிறது. மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக்கும் இருமல் சிரப்பும் தந்தார்கள். கொடுக்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். இந்த வயதில் சளியோடு இளைப்பு வந்தால் பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. போன்ற வைரஸ்தான் காரணம். நுரையீரலின் சின்னச் சின்னக் குழாய்கள் வீங்கிச் சளி அடைத்துக்கொள்கிறது. ஆன்டிபயாட்டிக்குக்கு அங்கே வேலை இல்லை.

சிரப் விஷயத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்த பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான மருந்து அது. உள்ளே டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு. அதற்குப் பிறகுதான் இரண்டு வயதுக்குள் இருமல் மருந்து கூடாது என்று மத்திய அரசு மறுபடி எச்சரித்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. யார் கேட்கிறார்கள்? கடைக்காரர் குழந்தையின் சட்டையைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

நீங்கள் பாருங்கள். குழந்தை தூங்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 50-ஐத் தொட்டாலோ, விலா எலும்புகளுக்குக் கீழே குழி விழுந்தாலோ, வழக்கத்தில் பாதிகூடப் பால் குடிக்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரி. உதடு நீலமானால், மூச்சு விட்டு விட்டு வந்தால் 108. இதெல்லாம் இல்லாவிட்டாலும் இன்று ஒருமுறை குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைதான் இது உச்சத்துக்குப் போகும்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பாலூட்டுமுன் மூக்கில் உப்புநீர்ச் சொட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால். ஆவி பிடிக்க வைக்காதீர்கள், சூடம் தேய்க்காதீர்கள்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் மகன் குறைமாதத்தில் பிறந்தவனா? எழுதவில்லை. குறைமாதம் என்றால் மூச்சு எண்ணிக்கையை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். குறைமாதக் குழந்தைகளுக்கும், இரண்டு மாதம் நிறையாதவர்களுக்கும் இளைப்புச் சத்தமே இல்லாமல் சில நொடிகள் மூச்சு நின்றுபோகலாம். பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது மட்டுமே வெளியே தெரியும். ‘தூங்கட்டும்’ என்று பாட்டிமார் சொல்வார்கள். எழுப்பிப் பாருங்கள், சரியாக விழிக்காவிட்டால் நடுராத்திரி என்றாலும் கிளம்புங்கள். இதயத்தில் ஓட்டை உள்ள குழந்தைகளுக்கும் காத்திருக்கக் கூடாது.

இளைப்பு நின்ற பிறகும் இருமல் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். குழந்தை நன்றாகப் பால் குடித்து விளையாடினால், அந்த இருமலுக்காக மறுபடி மருந்துக்கடைப் படி ஏறாதீர்கள்.