சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை

அன்புள்ள ஐயா,

நான் ஒரு சுயநிதிக் கல்லூரியில் நூலகர். எம்.லிப். முடித்து நெட் தேர்விலும் தேறியவள். விசேஷ வீடுகளில் யாராவது வேலையைப் பற்றிக் கேட்டு, நானும் சொல்லிவிட்டால், "ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்து கதைப் புத்தகம் படிக்கிறதுதானே, கொடுத்து வெச்சவ" என்கிறார்கள். "எல்லாம்தான் செல்போன்ல வந்துடுச்சே, இன்னும் உங்களை வெச்சிருக்காங்களா?" என்று கேட்டவரும் உண்டு. இப்போதெல்லாம் "காலேஜ்ல இருக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். துறை நண்பர்கள் சிலர் 'தகவல் மேலாளர்' என்று பதவிப் பெயரை மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இது சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை என்று இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதனே நினைத்திருக்கிறார். மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தவர் 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். பேச ஆளில்லை, செய்ய வேலையில்லை. கொஞ்ச நாளிலேயே கல்லூரிக்குப் போய்ப் பழைய வேலையைத் திரும்பக் கேட்டார். 'லண்டனுக்குப் போய் இதைப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பார்ப்போம்' என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். போன இடத்தில் பொது நூலகங்களில் குழந்தைகளும் தொழிலாளர்களும் வந்து போவதைப் பார்த்துத்தான் அவர் மனம் மாறியது. அவர் பிறந்த நாளாகக் கொண்டாடப்படும் ஆகஸ்ட் 12தான் இப்போது நூலகர் தினம்! ஆக, உங்கள் உறவினர்கள் மீது எனக்குப் பெரிய கோபமில்லை. ஆள் வராத நூலகத்தைப் பார்த்தவர்கள் வேறெப்படிப் பேசுவார்கள்?

என் கோபம் வேறு இடத்தில். நம் ஊரில் நூலகரை வேலைக்கு எடுப்பவர்களே அவரைக் கிடங்குக் காவலராகத்தான் நடத்துகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை இருப்புச் சரிபார்ப்பு, தொலைந்த புத்தகத்துக்கு விளக்கம், சில இடங்களில் சம்பளத்தில் பிடித்தம். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் இதில் எவ்வளவோ பரவாயில்லை. ஒரு வருடத்தில் வழங்கப்பட்ட, எடுத்துப் பார்க்கப்பட்ட நூல்களில் ஆயிரத்துக்கு ஐந்து தொலைவது இயல்புதான் என்று 215ஆம் விதி ஒப்புக்கொள்கிறது. நாணயக் குறைவோ அலட்சியமோ காரணமாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். (ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகம் என்றால் விசாரணை உண்டு.) பல தனியார் நிர்வாகங்களுக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. தொலைந்தால் தன் தலையில் விடியும் என்ற நிலையில் இருப்பவர் என்ன செய்வார்? பீரோவைப் பூட்டி சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். மாணவன் கண்ணில் படுவது அந்தச் சாவிதான். அவன் வளர்ந்து உங்கள் பெரியப்பா ஆகும்போது நூலகர் என்றாலே அவனுக்குப் பூட்டு ஞாபகம் வருகிறது.

'நூல்கள் பயன்பாட்டுக்கே' என்பதை 1931இல் நூலகத் துறைக்கான தன் ஐந்து விதிகளில் முதலாவதாக ரங்கநாதன் வைத்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஹார்வர்டின் பழைய நூலகர் ஒருவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஒருநாள் அவர் முகமெல்லாம் மலர்ச்சியாக எங்கோ போய்க்கொண்டிருந்தாராம். விசாரித்தால், "எல்லாப் புத்தகமும் உள்ளே வந்துவிட்டது, ஒரு பேராசிரியரிடம் இரண்டு பாக்கி, அதை வாங்கத்தான் போகிறேன்" என்றாராம். நாம் சிரிக்கிறோம். ஆனால் நம் தணிக்கைப் படிவங்கள் இன்றைக்கும் அந்த மனிதருக்குத்தான் முழு மதிப்பெண் போடும்.

பதவிப் பெயரை மாற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தகவல் மேலாளர் என்று சொன்னால் செல்போன் கம்பெனியா என்பார்கள். செய்கிற வேலையைச் சொல்லுங்கள். ஆராய்ச்சி மாணவியின் ஆய்வேட்டை, பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் இடங்களைக் காட்டும் ஒப்புமை மென்பொருளில் போட்டுப் பார்க்கிறீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018ஆம் ஆண்டு விதிப்படி ஒப்புமை பத்து சதவீதம் வரை தண்டனை இல்லை, அறுபதைத் தாண்டினால் ஆராய்ச்சிப் பதிவே ரத்து. அந்த அறிக்கையில் எது முறையான மேற்கோள், எது திருட்டு என்று உட்கார்ந்து பிரித்துச் சொல்வது யார்? கல்லூரிகளுக்கு மின்நூல்களும் மின்னிதழ்களும் தரும் என்-லிஸ்ட்டில் ஆசிரியர்களுக்குக் கணக்கு தொடங்கிக் கொடுத்து, அதில் தேடவும் கற்றுக்கொடுப்பது யார்? "ஏதாவது நல்ல புத்தகம் கொடுங்க மேடம்" என்று வந்து நிற்கும் பையனுக்கு உண்மையில் வேண்டியது நாளைய செமினாருக்கு நாலு பக்கம் என்று கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிக்கிறீர்களே, அதைச் செல்போன் செய்யாது. கேட்டதை மட்டும்தான் அது தேடும்.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்லலாம். யுஜிசி ஊதிய அட்டவணையில் கல்லூரி நூலகரும் உதவிப் பேராசிரியரும் ஒரே பத்தாம் நிலைதான். பல சுயநிதிக் கல்லூரிகள் நூலகரை 'ஆசிரியரல்லாதோர்' பட்டியலில் வைத்திருப்பது அவர்களுக்கு வசதி என்பதால்தான்.

அப்புறம், ஒரு காரியம் செய்யுங்கள். யார் என்ன கேட்டு வந்தார், என்ன கொடுத்தனுப்பினீர்கள் என்று மேசையில் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். வருட இறுதியில் கல்லூரி ஆண்டறிக்கையில் நூல் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் அதிலிருந்து ஒரு பக்கம் வரட்டும். முதல்வர் இடமில்லை என்றால், கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் 'நாக்' அமைப்பின் மதிப்பீடு வரப்போவதை மெதுவாக ஞாபகப்படுத்துங்கள்.