கேளுங்கள், சொல்கிறேன்: எட்டு டாலரில் ஒரு மாதம்

கேள்வி: மியான்மரிலிருந்து விரட்டப்பட்டு வங்கதேச முகாம்களில் உள்ள ரோஹிங்கியா அகதிகளுக்கு 2017 முதல் உலக நாடுகள் உதவிக்கொண்டே இருக்கின்றன. அவர்கள் சொந்தக் காலில் நிற்பது எப்போது?
- வாசகர், தென்காசி

பதில்: கூட்டுறவுக் கடையில் பதினெட்டு வருடம் கணக்கு எழுதியவள் நான். எந்தத் தொகையைப் பார்த்தாலும் மனம் தானாக நாள்கணக்குப் போட்டுவிடும். முகாம்களில் ஆளுக்கு மாதம் 12 டாலராக இருந்த உணவுப்படியை, நிதி வராததால், ஐ.நா.வின் உலக உணவுத் திட்ட அமைப்பு 2023 மார்ச்சில் 10 ஆகவும் ஜூனில் 8 ஆகவும் குறைத்தது. எட்டு டாலர் என்றால் அப்போது ஒரு நாளைக்கு நம் பணத்தில் இருபத்திரண்டு ரூபாய்! எங்கள் தெருமுனைக் கடையில் ஒரு டீ, ஒரு வடையோடு தீர்ந்துவிடும். அதில் மூன்று வேளை சாப்பிட வேண்டும். பிறகு படிப்படியாக உயர்த்தினார்கள். 2025 மார்ச்சில் மறுபடியும் 6 டாலராக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. கடைசி நேரத்தில் நிதி கிடைத்து 12 டாலரில் நின்றது. அடுத்த மாத அரிசி நிச்சயமில்லாத தாயிடம் சொந்தக் காலைப் பற்றி எப்படிப் பேசுவது?

வெளியே வேலைக்குப் போக அவர்களுக்கு அனுமதி இல்லை. முகாமைச் சுற்றி வேலி. குடிசை மூங்கிலும் தார்ப்பாயும்தான். மழைக்கு மண் சரிகிறது. 2021 மார்ச்சில் தீப்பிடித்தபோது ஆயிரக்கணக்கான குடிசைகள் எரிந்தன. மறுபடி மூங்கில், மறுபடி தார்ப்பாய், மறுபடி நன்கொடை. இதற்காக வங்கதேசத்தைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஓடிவந்தவர்களுக்கு முதலில் சோறு போட்டவர்கள் முகாம்களை ஒட்டிய உக்கியா, டெக்னாஃப் ஊர்க்காரர்கள்தானே.

தொலைநோக்கோடு செய்த உதவி பலித்தும் இருக்கிறது. 2018இல் விறகுக்குப் பதில் கேஸ் சிலிண்டர் கொடுக்க ஆரம்பித்தார்கள். விறகுக்காக மரம் வெட்டி மொட்டையாகிப்போன குன்றுகளில் மீண்டும் பச்சை தெரிந்தது. தொழிலுக்கும் படிப்புக்கும் அப்படிச் செய்திருக்க வேண்டும். மியான்மர் பாடத்திட்டத்தில் படிக்கத் தொடங்கிய பிள்ளைகளின் கற்றல் மையங்கள் 2025இல் பணமில்லாமல் மூடப்பட்டதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கேள்வி: அவர்களை மியான்மருக்கே திருப்பி அனுப்பினால் பிரச்சினை தீருமே?
- வாசகி, அரூர்

பதில்: 1978இலும் 1991-92இலும் இப்படித்தான் ஓடிவந்தார்கள். பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பினார்கள். 2017இல் அந்த மக்கள் மறுபடியும் விரட்டப்பட்டார்கள். அவர்களை நாடற்றவர்களாக்கிய 1982 குடியுரிமைச் சட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது. 2019 ஆகஸ்டில் அழைத்துப்போக டெக்னாஃபில் பஸ்களை நிறுத்திக் காத்திருந்தார்கள். முதலில் குடியுரிமை கொடுங்கள், உயிருக்குப் பாதுகாப்புக் கொடுங்கள் என்றார்கள் அகதிகள். ஒருவர்கூட ஏறவில்லை.