எல்லா வாயுவும் ஐதரசன் என்றால், குவாசர் ஒளியில் ஏன் நூற்றுக்கணக்கில் கோடுகள்?

கேள்வி, விண்மீன் திரள்களுக்கு நடுவே கிடக்கும் வாயுவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான். பரந்தன் பக்கம் ஒரு கொட்டிலில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். அங்கே ஒரு பிள்ளை இதை இன்னும் கூர்மையாகக் கேட்டாள்.

அந்த வாயு தானாக ஒளிர்வது மிகக் குறைவு. கன மீற்றருக்கு ஒரு அணுகூடத் தேறாத இடங்களே அதிகம். ஆகவே பின்னால் ஒரு விளக்கு வேண்டும். குவாசர்தான் அந்த விளக்கு. இராட்சதக் கருந்துளைக்குள் விழப்போகிற வாயு சுழன்று சூடேறி வீசுகிற வெளிச்சம் அது. வழியில் நடுநிலை ஐதரசன், அதாவது இலத்திரனை இழக்காத ஐதரசன், இருந்தால், லைமன் ஆல்ஃபா எனப்படும் 121.6 நானோமீற்றர் ஒளியை விழுங்கிவிடும். நிறமாலையில் அந்த இடம் கருத்து ஒரு கோடாகத் தெரியும்.

இவ்வளவும் சொல்லி முடிக்க, "அப்ப ஒரே இடத்திலதானே சேர் கோடு விழவேணும்?" என்றாள். அன்றைக்கு எனக்குச் சரியான பதில் வரவில்லை.

அடுத்த நாள் பழைய சைக்கிள் ரியூப்பைக் கீலமாக வெட்டிக்கொண்டு போனேன். ஒரு நுனியை மேசையில் ஆணியடித்து, பக்கத்தில் அடிமட்டத்தை வைத்தோம். 10 சென்ரிமீற்றரில் வெண்கட்டியால் ஒரு புள்ளி. கொஞ்சம் இழுத்தால் புள்ளி 12க்குப் போய்விடும். திரும்பவும் 10இல் ஒரு புள்ளி. இழு, திரும்பவும் 10இல். புள்ளி போட்டதெல்லாம் ஒரே இடத்தில், ஆனால் ரியூப்பில் அவை வேறுவேறாக நின்றன. ஐந்தாவது புள்ளிக்கு ரியூப் அறுந்து என் விரலில் அடித்தது. வகுப்புக்கு அதுதான் நன்றாகப் பிடித்தது.

ரியூப்தான் ஒளி, இழுப்பது அண்டத்தின் விரிவு. அடிமட்டத்தின் 10தான் 121.6 நானோமீற்றர், ஒவ்வொரு புள்ளியும் வழியில் ஒரு வாயு முகில் போட்ட கோடு. ஒளி நான்கு மடங்கு நீண்டு வந்திருந்தால், குவாசருக்குப் பக்கத்து முகிலின் கோடு 486 நானோமீற்றரில் விழும். இந்தப் பக்கம் தள்ளியிருந்து, மூன்றரை மடங்கு மட்டுமே நீட்சி கண்ட முகிலின் கோடு 426இல். ஆகவே கோடு விழுந்த இடமே முகிலின் தூரத்தைச் சொல்லிவிடும். 1971இல் வானியலாளர் ரோஜர் லிண்ட்ஸ் ஒரு குவாசரில் இப்படிக் கோடுகள் நெருங்கி நிற்பதைக் கண்டார். இப்போது அதற்கு லைமன் ஆல்ஃபா காடு என்று பெயர்.

எனக்கு இதிலே பிடித்தது, கோடுகளுக்கு நடுவே தெரிகிற வெளிச்சம். வாயு முழுவதும் நடுநிலை ஐதரசனாக இருந்தால் அந்தப் பகுதியே இருண்டுபோயிருக்க வேண்டும் என்று 1965இல் வானியலாளர்கள் ஜேம்ஸ் கன்னும் புரூஸ் பீற்றர்சனும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இருளவில்லை. அப்படியானால் பெரும்பாலான அணுக்கள் இலத்திரனை இழந்து அயனாகிவிட்டன. நாம் காண்கிற காடு, மிச்சமிருக்கும் சொற்பத்தின் வேலை.

பிறகு 2001இல், ஒளி ஏழு மடங்குக்கும் மேல் நீண்டு வந்த ஒரு குவாசரில் அந்த இருள் உண்மையாகவே அகப்பட்டது. ரியூப்பில் என்றால், இடைவெளியே இல்லாமல் வெண்கட்டி அப்பிய ஒரு துண்டு.