இரைச்சலைத் துடைத்தல்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கப் பாடகி அட்ரியன் லென்கரின் ‘சாங்ஸ்’ இசைத்தொகுப்பைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அதைத் தேடிக் கேட்டேன். ஒரு கிதாரும் ஒரு குரலும் மட்டும், பிடித்திருக்கிறது. ஆனால் பாதி வரிகள் புரியவில்லை. ஒரு காதல் முறிவுக்குப் பிறகு எழுதிய பாடல்கள் என்று படித்தேன். அந்தக் கதையை முழுதாகத் தெரிந்துகொண்டால் புரியுமா? ஒலிப்பதிவும் சுமார்தான். நாடாவின் இரைச்சல், மூச்சு, தந்தியில் விரல் உராயும் சத்தம் எல்லாம் கேட்கின்றன. எனவே இரைச்சல் நீக்கும் மென்பொருள் ஒன்றில் போட்டுச் சுத்தம் செய்து கேட்டேன். தெளிவாகிவிட்டது. இதே வகையில் அடுத்து எதைக் கேட்கலாம்?

க.

அன்புள்ள க.,

இரண்டு வாரங்களாகப் பழைய ஒலிநாடாக்களைத் தரம்பிரித்துக்கொண்டிருக்கிறேன். அந்த வேலையின் நடுவில் உங்கள் கடிதம் வந்தது. வேறொரு நேரத்தில் வந்திருந்தால் நான்கு இசைத்தொகுப்புகளின் பெயரை எழுதி அனுப்பிவிட்டுப் படுத்திருப்பேன்.

வரிகள் புரியாததைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ‘எனிதிங்’ பாடலில் மாம்பழச் சாறு வழிகிறது, ஒரு நாய் கையைக் கடிக்கிறது, மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். பிரிந்தவரை நினைத்துக்கொண்டிருக்கும் மனம் இப்படித்தான் பொருள்களைத் தாறுமாறாக அள்ளிப் போடும். அதில் நிரல் தேட வேண்டியதில்லை. பிரிந்தவர் யார் என்ற துப்பறிதலும் உங்களுக்கு எதற்கு? அதை விட்டுவிடுங்கள்.

ஆனால் சுத்தம் செய்தேன் என்கிறீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. யாருடைய வீட்டுக்கோ விருந்துக்குப் போய், சுவரில் இருந்த குழந்தையின் கிறுக்கலைத் துடைத்துவிட்டு வந்து, வீடு இப்போது பளிச்சென்று இருக்கிறது என்று சொல்வதைப்போல இருக்கிறது இது.

அந்தச் சத்தங்கள் எங்கிருந்து வந்தன என்று யோசித்தீர்களா? 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் ‘பிக் தீஃப்’ குழுவின் இசைப்பயணம் பாதியில் நின்றது. அக்குழுவின் பாடகியான லென்கர் மாசசூசெட்ஸின் மேற்குப் பகுதியில், மலைப்பாங்கான இடத்தில் இருந்த ஒற்றையறைக் குடில் ஒன்றுக்குப் போனார். ஏப்ரலில் ஒலிப்பதிவாளர் ஃபிலிப் வைன்ரோப் எட்டு ஒலித்தடங்களைத் தனித்தனியே பதியும் ஒலிநாடா இயந்திரத்தோடும், காதுகள் இருக்கும் இடத்தில் ஒலிவாங்கிகள் பொருத்திய ஒரு செயற்கைத் தலையோடும் அங்கே வந்து சேர்ந்தார். அந்தத் தலையை வைத்துப் பதிவு செய்ததை நீங்கள் ஹெட்ஃபோனில் கேட்டால், அந்த அறையில் உங்கள் தலை இருந்த இடத்தில் இருந்து கேட்பதாகவே தோன்றும். தொகுப்பின் 11 பாடல்களில் 9 அந்த நாட்களில் அங்கேயே எழுதப்பட்டவை. பதிவிலிருந்து இறுதி ஒலிக்கோவை வரை எண்ணிமத்தின் (டிஜிட்டலின்) தலையீடே கிடையாது. அந்த அறை ஒரு கிதாரின் உட்புறம் போல இருந்ததாக லென்கரே சொல்லியிருக்கிறார். அப்படியானால் அங்கே கேட்கும் மழையும் பறவைகளும் கருவிக்கு வெளியே இருந்து வந்த இடையூறுகளா, கருவிக்குள்ளேயே இருந்தவையா?

உங்கள் மென்பொருள் என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாட்டு இல்லாத ஓர் இடைவெளியை எடுத்து, இரைச்சலின் சாயல் இதுதான் என்று கற்றுக்கொண்டு, அந்தச் சாயல் தென்படும் இடத்தில் எல்லாம் கத்தியை வைக்கிறது. இரைச்சலுக்கென்று தனிச் சாதி ஒன்று இருப்பதாக அது நம்புகிறது. ஆனால் மூச்சும் இரைச்சல்தான், ‘ஸ’வும் ‘ஷ’வும் ஒலியியல்படி இரைச்சல்தான், விரல் தந்தியைத் தொடும் முதல் கணத்துத் தட்டலும் இரைச்சல்தான். கிதாரின் தடித்த தந்திகளின்மேல் மெல்லிய கம்பி சுற்றியிருக்கும். இடது கை இடம் மாறும்போது அந்தச் சுற்றுகளின்மேல் விரல்நுனி வழுக்குவதைத்தான் நீங்கள் உராயும் சத்தம் என்கிறீர்கள். அடுத்த சுரம் ஒலிப்பதற்கு முன்பே அது வரப்போவதைச் சொல்லிவிடுவது அந்தச் சத்தம். இவற்றை எல்லாம் தூக்கி எறிந்த பிறகு உங்களுக்குக் கிடைத்தது, அடங்கி அடங்கி நாடாவின் இரைச்சலுக்குள் கரைய வேண்டிய சுரம் பாதியிலேயே வெட்டுண்டு நிற்பதுதான். அதற்கு நீங்கள் தெளிவு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

நாட்டார் பாடலின் ஒலிப்பதிவு வரலாறே இயந்திரத்தைப் பாடுபவர் இருக்கும் இடத்துக்குச் சுமந்து போனதில்தான் இருக்கிறது. 1933இல் நாட்டார் பாடல்களைச் சேகரித்த ஜான் லோமாக்ஸும் மகன் ஆலனும் 315 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 143 கிலோ எடையுள்ள பதிவுக் கருவியைக் காரில் ஏற்றிக்கொண்டு அமெரிக்கத் தென்மாநிலச் சிறைகளுக்குப் போனார்கள். லூசியானாவின் அங்கோலா சிறையில் கைதியாக இருந்த பாடகர் லெட் பெல்லியின் குரல் அப்படித்தான் பதிவானது. பிறகு பாடகர்கள் இயந்திரத்தைத் தேடிப் போகும் காலம் வந்தது, அறையின் சுவர்களுக்கு மெத்தை போட்டார்கள். 1982இல் ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தன் வீட்டில் நான்குதட கேசட் கருவியில் மாதிரிக்காகப் பாடி வைத்தவற்றைக் குழுவோடு மறுபடி பதிவு செய்து பார்த்து, சரிவராமல், அந்தக் கேசட்டையே ‘நெப்ராஸ்கா’ என்று வெளியிட்டார். லென்கரின் குடில் இந்தத் தடத்தில்தான் இருக்கிறது. வசதி இல்லாமல் நேர்ந்த குறை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இவ்வளவு கடுமையாக எழுதுவதற்குக் காரணம், உங்கள் வயதில் நானும் இதே காரியத்தைச் செய்திருக்கிறேன். நானும் ஒரு நண்பனும் கிதார் பழகிய நாட்களில், கேசட் கருவியின் இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தி வாரந்தோறும் பதிவு செய்வோம். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் போர்வைக்குள் சுருட்டி வைப்பேன். அவனோ பாட்டுக்கு நடுவே பேசுவான், சிரிப்பான், சுருதி கலைந்துவிட்டது என்று திட்டுவான். எனக்கு எரிச்சலாக வரும். ஒரு விடுமுறையில் எல்லா நாடாக்களையும் இன்னொரு கருவியில் ஓடவிட்டு, பாட்டுகளை மட்டும் பிடித்து, அவன் பேச்சு வரும் இடங்களில் எல்லாம் நிறுத்தி, ஒரே நாடாவில் சுத்தமாகத் தொகுத்தேன். மூல நாடாக்களின்மேல் வேறு எதையோ பதிந்துவிட்டேன். அவன் இறந்து பத்தாண்டுகள் ஆகின்றன.

சென்ற வாரம் அந்தத் தொகுப்பு நாடா கையில் கிடைத்தது. பாட்டுகள் மோசம், இரண்டு பேருக்குமே தாளம் நிற்கவில்லை. இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் நான் பொத்தானை அழுத்தத் தாமதித்திருக்கிறேன். “இருடா, இன்னொரு...” என்று அவன் குரல் தொடங்கி, முடிவதற்குள் அறுகிறது. நான் அன்று அவ்வளவு அக்கறையோடு காப்பாற்றிய பாட்டுகளை ஓட்டிவிட்டு, அந்த ஒன்றரைச் சொல்லையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து எதைக் கேட்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். அதே குடிலில் பதிவாகி, அதே நாளில், 2020 அக்டோபரில் வெளியான ‘இன்ஸ்ட்ருமென்டல்ஸ்’ இருக்கிறது. இரண்டே இரண்டு நீண்ட துண்டுகள். சொற்களே இல்லாததால் புரியவில்லை என்ற பேச்சுக்கும் இடமில்லை. இரண்டாவதன் தலைப்பே ‘பெரும்பாலும் மணிகள்’ என்றுதான் பொருள்படும். அதையும் உங்கள் மென்பொருளில் போட்டுப் பார்த்தால், என்ன மிஞ்சியது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.