சுங்கை சிப்புட் முதுகலை மாணவர்களுக்கு: மேம்பாட்டுத் துறை இன்டர்ன்ஷிப் கேள்வி பதில்

சுங்கை சிப்புட்டிலும் சுற்றுத் தோட்டங்களிலும் இருந்து முதுகலை படிக்கும் பிள்ளைகள், அனைத்துலக மேம்பாட்டு அமைப்புகளில் இன்டர்ன்ஷிப் போவது பற்றிக் கேட்டவை இவை. பதில் சொல்பவர் களக் கணக்கெடுப்பு, திட்டக் கண்காணிப்பு வேலை தெரிந்த அக்கா.

படிப்பை முடிச்சிட்டு விண்ணப்பிச்சாப் போதும்னு வீட்டுல சொல்றாங்க அக்கா. சரியா?

முடிக்கும்வரை காத்திருக்காதே தங்கச்சி. பெரும்பாலான இடங்கள் படித்துக்கொண்டிருப்பவரையோ அண்மையில் பட்டம் பெற்றவரையோதான் எடுக்கும். பட்டம் வாங்கி எத்தனை மாதத்துக்குள் வேலையில் சேர வேண்டும் என்பது அறிவிப்பிலேயே இருக்கும், முதலில் அந்த வரியைப் பார். ஐநா செயலகத்தில் 2 முதல் 6 மாதம், சம்பளம் கிடையாது. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓ, யூனிசெப், உலகச் சுகாதார நிறுவனம் உதவித்தொகை தருகின்றன. ஜெனீவா வாடகையை நினைத்து மலைக்கும் முன் பக்கத்தில் பார்க்கலாமே: வோர்ல்ட்ஃபிஷ் ஆய்வு நிறுவனத்தின் தலைமையகம் பினாங்கில்தான் இருக்கிறது. செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கக் கூட்டமைப்பின் ஆசிய பசிபிக் அலுவலகம் கோலாலம்பூரில். இன்னொன்று, 'பதிவுக் கட்டணம் கட்டு' என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடு. ஐநா எந்தக் கட்டத்திலும் காசு கேட்காது.

எனக்கு வெளிநாட்டு அனுபவமே இல்லை. விண்ணப்பக் கடிதத்தில் என்னத்த எழுதுறது?

'வறுமையை ஒழிக்கும் ஆர்வம் எனக்குச் சிறு வயது முதலே உண்டு' என்று நூறு பேர் எழுதுவார்கள், அதை விடு தம்பி. 'செம்பனைத் தோட்டத்தில் 40 குடும்பங்களிடம் தண்ணீர் பற்றிக் கணக்கெடுத்தேன். 6 வீட்டு விடைகள் முரண்பட்டதால் திரும்பப் போய்ச் சரிபார்த்தேன்' என்பது போல ஒரு வரி போதும். திரும்பப் போனாய் என்பதில்தான் உன் வேலைத்தரம் தெரியும். செய்யாமல் எழுதிவிடாதே, நேர்காணலில் தோண்டுவார்கள். அதனால் முதலில் செய், இரண்டு சனிக்கிழமை போதும். இணையச் சான்றிதழ் பத்து சேர்ப்பதைவிட இது மேல்.

அந்தக் கணக்கெடுப்பை எப்படிச் செய்வது?

கைப்பேசியில் கணக்கெடுக்க உதவும் மென்பொருளான கோபோ டூல்பாக்ஸில் இலவசக் கணக்கு திற. படிவத்தை எக்செல் கோப்பாகவும் எழுதலாம்: ஒரு தாளில் கேள்விகள், இன்னொன்றில் விடைத் தேர்வுகள். வயதுக்கு எழுத்துப் பெட்டி வைக்காதே, எண் பெட்டி வை. 0 முதல் 110 வரை என்று எல்லை கட்டு. இல்லாவிட்டால் 'நாப்பது', '40+', '4O' எல்லாம் வந்து சேரும், ஒரு வாரம் துப்புரவு வேலைதான். இணைய லைன் இல்லாத தோட்ட டிவிஷனுக்குப் போகும் முன் வெற்றுப் படிவத்தைக் கைப்பேசியில் இறக்கிக்கொள். லைன் வந்ததும் அனுப்பலாம். நடுவில் ஒரு கேள்வியைத் திருத்தினால் எல்லாக் கைப்பேசியிலும் புதிய படிவத்தை இறக்க வை. ஒருவர் மறந்தாலும் பழைய கேள்விக்கும் புதிய கேள்விக்குமான விடை கலந்துவிடும்.

கருவியைவிடக் கேள்விதான் காலை வாரும். 'உங்கள் மாத வருமானம் எவ்வளவு?' என்று செம்பனைக் குலை வெட்டுபவரிடம் கேட்டுப் பார். டன் கணக்கில் கூலி வாங்குபவருக்கு மாதச் சம்பளம் என்று ஓர் எண் கிடையாது. மழை மாதம் ஒன்று, காய்ப்பு மாதம் ஒன்று. அவர் உன்னை மகிழ்விக்க ஒரு முழு எண்ணைச் சொல்வார். அதை மூன்றாகப் பிரி: போன மாதச் சம்பளச் சீட்டில் கைக்கு வந்தது, பிடித்தம், மழையால் போன வேலை நாள். இன்னொன்றும் கேள்: உதிரிப் பழம் பொறுக்கியது யார்? சீட்டில் கணவன் பெயர் மட்டும் இருக்கும், மனைவியின் உழைப்பு அதற்குள் மறைந்திருக்கும். லயத்தில் வளர்ந்தவருக்கு இது பாடமே இல்லை. அங்கேதான் உனக்குக் கூடுதல் மதிப்பு.

லாக்ஃபிரேமில் வெளியீடு, விளைவு ரெண்டும் குழப்புது.

லாக்ஃபிரேம் என்பது ஒரு திட்டம் எதைச் செய்து எதை அடையும் என்று காட்டும் அட்டவணை. அதில் வெளியீடு நம் கையில் இருப்பது: தமிழ்ப்பள்ளியில் 24 கணக்கு வகுப்பு நடந்தது. விளைவு பிள்ளைகளிடம் நடப்பது: பின்னம் தெரியாத பிள்ளைக்கு இப்போது தெரிகிறது. நடுவில் ஒரு அனுமானம் நிற்கும்: மாலை வகுப்பு முடிந்து திரும்ப வேன் உண்டு. வேன் இல்லையென்றால் 24 வகுப்பும் பதிவேட்டில்தான்.

நேர்காணலுக்கு ஸ்பியர் அளவுகளை மனப்பாடம் பண்ணணுமா?

ஸ்பியர் என்பது பேரிடர் உதவிக்கான குறைந்தபட்ச அளவுகளைச் சொல்லும் கையேடு. சிலவற்றைத் தெரிந்துகொள், ஆனால் கணக்கோடு. அவசர காலத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், குழாய் ஒன்றுக்கு 250 பேர், கழிப்பறை ஒன்றுக்கு 20 பேர். குழாயின் கணக்கைப் பார்: நிமிடத்துக்கு 7.5 லிட்டர், 8 மணி நேரம் என்றால் 3,600 லிட்டர். அதை 15ஆல் வகுத்தால் 240 பேர், ஏறக்குறைய 250. அழுத்தம் பாதியானால் அதே குழாய்க்கு 120 பேர்தான். எண்ணை ஒப்பித்தவர் இங்கே மாட்டிக்கொள்வார். வகுத்துக் காட்டியவரை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

மலாய் தெரியும். இந்தோனேசியாவுக்குப் போனாச் சமாளிக்கலாமா?

பாதி வண்டி ஓடும். நமக்கு 'பெர்சுமா' என்றால் இலவசம், அங்கே வீண். 'இந்தச் சிகிச்சை பெர்சுமா' என்று தாய்மாரிடம் சொன்னால் பயனில்லாத சிகிச்சை என்று புரிந்துகொள்வார்கள். அங்கே 'கிராத்திஸ்' என்று சொல். 'பூசிங்' நமக்குத் திரும்புவது, அவர்களுக்குத் தலைசுற்றல். போகும் முன் இப்படி முப்பது சொல்லைத் தாளில் எழுதிவிடு.

ஆப்பிரிக்கா போறவங்களுக்கு ஊசி?

மஞ்சள் காய்ச்சல் அபாய நாடு என்றால் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன் ஊசி போட்டு, அதற்குச் சான்றான மஞ்சள் அட்டை வாங்கு. அட்டை ஆயுளுக்கும் செல்லும். அங்கிருந்து மலேசியா திரும்பும்போதும் அதைக் கேட்பார்கள், பெட்டிக்குள் போடாமல் கடப்பிதழோடு வை. மலேரியா மாத்திரை எது என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். ஊர் திரும்பியதும் நிறுத்திவிடாதே, டாக்சிசைக்கிளின் என்றால் அபாயப் பகுதியை விட்ட பிறகும் 4 வாரம் விழுங்க வேண்டும்.