ஒரு ஏக்கர் மக்காச்சோளம், பத்து சென்ட் தக்காளி

கேள்வி: சிறுவர் சிறுமியர் பயிர்த்தொழில் போன்றவற்றைச் செய்து பழகும் அமெரிக்காவின் ஃபோர்-எச் மன்றங்களைத் தொடங்கியவர் யார்?

பதில்: ஒருவர் பெயரை மட்டும் சொல்வது நியாயமாகாது. வழக்கமாகக் குறிக்கப்படும் நாள் 1902 ஜனவரி 15. ஒஹாயோ மாநிலத்தில் பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்த ஏ.பி. கிரஹாம், அன்று ஸ்பிரிங்ஃபீல்டு நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் சுமார் 30 சிறுவர் சிறுமியரைக் கூட்டினார். மக்காச்சோளம் பயிரிடுவது, லிட்மஸ் தாளால் மண்ணின் புளிப்பைப் பார்ப்பது போன்றவை அவர்களுக்குத் தரப்பட்ட வேலைகள். ஆனால் இல்லினாயில் வில் ஆட்வெல் அதற்கு முன்பே சிறுவர்களுக்கு விதை கொடுத்துப் போட்டி நடத்தியிருந்தார். பெரியவர்கள் விவசாயக் கூட்டங்களுக்கு வராததால்தான் அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். 1907இல் மிசிசிப்பியில் டபிள்யூ.எச். ஸ்மித் தொடங்கிய மன்றத்துக்கு மத்திய வேளாண் துறை துணைநின்றது. 1914ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டம் இந்தப் பணிக்கு நிலையான நிதி தந்தது. சட்டத்தின் பெயரில் உள்ள ஸ்மித் வேறொருவர்.

கேள்வி: அந்தக் கால மன்றங்களின் மக்காச்சோளப் போட்டியில் அதிகம் விளைவித்தவருக்குத்தான் பரிசா?

பதில்: இல்லை. அந்த விதிகளின் சிறப்பே அதுதான். அப்போது தென் மாநிலங்களில் 100 மதிப்பெண்ணில் விளைச்சலுக்கு 30, லாபத்துக்கு 30, பத்துக் கதிர்க் காட்சிக்கு 20, சாகுபடி விவரத்தை எழுதித் தருவதற்கு 20. லாபம் பார்க்கும்போது சொந்த நிலமானாலும் ஏக்கருக்கு 5 டாலர் குத்தகை, சிறுவனின் உழைப்புக்கு மணிக்கு 10 சென்ட், குதிரைக்கு 5 சென்ட் எனச் செலவெழுத வேண்டியிருந்தது. எருவைக் கொட்டி விளைச்சலை மட்டும் ஏற்றினால் லாபத்தில் மதிப்பெண் போய்விடும். 1910இல் தென் கரோலினாச் சிறுவன் ஒருவன் ஒரே ஏக்கரில் 228 புஷலுக்கு (புஷல் என்பது ஒரு தானிய அளவு) மேல் எடுத்தது பெரும் பேச்சானது. என் பார்வையில் அந்தச் சாதனையைவிடக் கணக்கு நோட்டுதான் பெரிது.

கோளாறு பெரும்பாலும் எடை போடுமிடத்தில் வரும். காயாத கதிரை நிறுத்தால் ஈரமும் விளைச்சலாகிவிடும். அதனால் காய்ந்த கதிரில் 70 பவுண்டை ஒரு புஷலாகக் கொண்டார்கள். உதிர்த்த மணியென்றால் 56 பவுண்டு. நிலத்தை அளக்கவும் எடை பார்க்கவும் சாட்சிகள் தேவைப்பட்டார்கள்.

விதைப்புக்கு முன் முளைப்புச் சோதனை உண்டு. ஒவ்வொரு கதிரின் அடி, நடு, நுனியிலிருந்து இரண்டிரண்டாக ஆறு மணிகளை எடுத்து, எண்ணிட்ட கட்டங்கள் வரைந்த ஈரத்துணியில் சுருட்டி, கதகதப்பான இடத்தில் ஒரு வாரம் வைக்க வேண்டும். சரியாக முளைக்காத கதிரை முழுதாக ஒதுக்கிவிட வேண்டும். ஏக்கருக்குச் சுமார் 15 கதிர் விதையே போதும் என்பதால், ஒரு மலட்டுக் கதிர் கலந்தாலும் வயலில் நிறைய இடம் காலியாகும்.

கேள்வி: சிறுமிகளுக்கு ஏன் தக்காளி?

பதில்: 1910இல் தென் கரோலினாவின் எய்க்கன் கவுண்டியில் ஆசிரியை மரீ குரோமர் சிறுமிகளுக்காகத் தொடங்கிய தக்காளி மன்றத்தில் ஆளுக்கு ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 66 அடிக்கு 66 அடி. விளைந்ததை டப்பாவில் அடைத்து விற்று, அந்தப் பணத்தைப் பெண்களே வைத்துக்கொண்டார்கள். தக்காளியின் புளிப்பு நச்சுக் கிருமி வளராமல் தடுப்பதால் கொதிநீர்க் கொப்பரையே போதுமாக இருந்தது. பீன்ஸ், பட்டாணிக்கு அது போதாது. அந்த நச்சுக் கிருமியான பொட்டுலினத்தின் வித்துகள் கொதிநீரில் சாகா, அழுத்தக் கலன் வேண்டும். இன்று வீட்டில் செய்பவர்கள் தக்காளிக்கும் எலுமிச்சைச் சாறு சேர்ப்பது அவசியம். சில ரகங்களில் புளிப்பு குறைவு.